பராமரிப்பில் வாழ்பவர்களுக்குத் தீப் பாதுகாப்பைக் கற்பிப்பது எப்படி?

கேள்வி: சேன் ஆந்த்ரே பராமரிப்பாளர்

அனைவருக்கும் வணக்கம். பிரான்சுக்கு உட்பட்ட ரீயூனியன் தீவின் கிழக்குக் கரையில், சேன் ஆந்த்ரே நகரில், அறிவுசார் குறைபாடுள்ள பெரியவர்களும் அன்றாட உதவி தேவைப்படும் முதியவர்களும் சேர்ந்து வாழும் ஓர் இல்லத்தில் பணியாற்றுகிறேன். பிறந்து வளர்ந்தது காரைக்கால். இத்தீவின் தமிழ் வம்சாவளியினரில் பெரும்பாலோர், பிரெஞ்சின் அடிப்படையில் உருவான தீவு மொழியான கிரியோல் பேசுகிறவர்கள். எங்கள் இல்லத்தில் தமிழ் பேசும் முதியவர்கள் புதுச்சேரி, காரைக்கால் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய சிலர் மட்டுமே.

ஐம்பதுக்கும் மேற்பட்டோர் கூடும் பணியிடங்களில் ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது வெளியேற்ற ஒத்திகை நடத்த வேண்டும் என்பது பிரெஞ்சுத் தொழிலாளர் சட்டம். எங்கள் இல்லத்திலும் அது தவறாமல் நடக்கிறது. பணியாளர்களுக்கு வகுப்பு உண்டு. தீயணைப்பான் பிடிக்கவும் கற்றுத் தருகிறார்கள். ஆனால் அந்தக் கட்டடத்தில் இரவும் பகலும் வாழ்கிறவர்களுக்கு எவரும் எதையும் சொல்லித் தருவதில்லை. மணி அடித்ததும் அவர்களைக் கைபிடித்து அழைத்துச் சென்று முற்றத்தில் நிறுத்துகிறோம்; சற்று நேரத்தில் மீண்டும் உள்ளே அழைத்து வருகிறோம். எதற்காக வந்தோம் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.

சென்ற ஒத்திகையில் ஆட்டிசம் உள்ள இளைஞர் ஒருவர் மணிச்சத்தம் தாங்காமல் காதுகளைப் பொத்திக்கொண்டு துணி அலமாரிக்குள் புகுந்துவிட்டார். சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவர் நேராக மின்தூக்கிக்குச் சென்று, அதன் கதவு திறப்பதற்காகக் காத்திருந்தார். நினைவு தடுமாறும் பாட்டி ஒருவர் முற்றம் வரை வந்துவிட்டு, கணவரின் புகைப்படத்தை எடுக்க அறைக்குத் திரும்பினார்.

2023 ஆகஸ்ட் 9 அன்று பிரான்சின் அல்சாஸ் பகுதியிலுள்ள வின்ட்ஸென்ஹைம் ஊரில், விடுமுறைக்காகத் தங்கியிருந்தவர்களின் விடுதி தீப்பிடித்து 11 பேர் இறந்தார்கள். ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் எங்கள் இல்லத்தவரைப் போன்று அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள். அந்தச் செய்தியைப் படித்ததிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. இவர்களுக்கு எதைக் கற்பிக்கலாம், பயமுறுத்தாமல் எவ்வாறு கற்பிக்கலாம்?

இன்னொன்றையும் கேட்க வேண்டும். எங்கள் முதிய பெண்களில் சிலர் இளமையில் தீமிதி விழாக்களில் பூக்குழி இறங்கியவர்கள். நெருப்பைக் கண்டு அஞ்ச வேண்டும் என்று அவர்களிடம் சொல்வது எனக்கே பொருத்தமாகத் தோன்றவில்லை.

பதில் 1: சேன் பியேர், ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர்

வணக்கம், சகோதரி. இந்தக் கேள்வியை இல்லங்களை நடத்துகிறவர்கள் கேட்டு நான் அதிகம் கண்டதில்லை. நீங்கள் கேட்டதில் மகிழ்ச்சி. எதைக் கற்பிக்கலாம் என்பதற்கு மட்டும் விடை சொல்கிறேன். எப்படி என்பதை அத்துறையில் பழகியவர்கள் சொல்லட்டும்.

உறங்குமிடங்களில் நேரும் தீ விபத்துகளில் உயிரை முதலில் பறிப்பது தீக்கொழுந்து அன்று, புகை. மெத்தைகளிலும் சோபாக்களிலும் உள்ள நுரைப்பொருள் எரியத் தொடங்கினால் சில நிமிடங்களில் ஓர் அறை முழுவதும் கரும்புகை நிறைந்துவிடும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குகிறவரை அது எழுப்புவதில்லை, மேலும் ஆழ்ந்து உறங்கச் செய்துவிடுகிறது. ஆகவே நீங்கள் கற்பிக்க வேண்டிய முதல் பொருள் நெருப்பு அல்ல, புகை. பூக்குழி இறங்கிய அம்மாக்களைப் பற்றிய உங்கள் தயக்கத்துக்கும் இதிலேயே வழி இருக்கிறது. அவர்களிடம் நெருப்பைப் பழித்துப் பேச வேண்டியதில்லை. பூக்குழியில் புகை அடங்கித் தணல் பரப்பிய பின்னரே இறங்குவார்கள். விரதம் இருந்து, முறைப்படி, பூசாரி முன்னே சென்ற பின்னரே இறங்குவார்கள். ஒழுங்குக்கும் தலைமைக்கும் கட்டுப்படுவது அவர்களுக்குப் புதிதல்ல. "புகை வந்தால் கூப்பிடுகிறவர் பின்னால் வர வேண்டும்" என்பதை அவர்கள் மற்றவர்களைவிட விரைவாக ஏற்பார்கள்.

இரண்டாவது பொருள் கதவு. சாத்திய கதவு புகையையும் வெப்பத்தையும் பல நிமிடங்கள் தடுத்து நிறுத்தும். பராமரிப்பு இல்லங்களில் பொருத்தப்படும் தீத்தடுப்புக் கதவுகள் பொதுவாக அரை மணி நேரம் தாங்கும்படி செய்யப்பட்டவை. ஸ்காட்லாந்தில் ரோஸ்பார்க் என்ற முதியோர் இல்லத்தில் 2004 ஜனவரி 31 அன்று, ஒரு சிறிய அலமாரி அறையில் தொடங்கிய தீயினால் 14 முதியவர்கள் இறந்தார்கள். அறைக் கதவுகள் பல திறந்திருந்ததால், தீ எட்டாத இடங்களிலும் புகை நுழைந்துவிட்டது. நம் தீவின் கோடைப் புழுக்கத்தில் காற்றுக்காகக் கதவைத் திறந்துவைத்து, அடியில் ஆப்பு செருகும் பழக்கம் எல்லா இல்லங்களிலும் இருக்கிறது. அதை எடுக்க வேண்டியவர்கள் பணியாளர்கள்தாம். ஆனால் "என் அறையை விட்டு வெளியே வந்தால் கதவைச் சாத்துவேன்" என்பதை இல்லத்தவருக்கு அன்றாடப் பழக்கமாக்க முடியும். மணி அடிக்கும் நாளில் அது தானாகவே நடக்கும்.

மூன்றாவதாக, எல்லோரும் கட்டடத்தை விட்டு வெளியேற வேண்டும் என்ற எண்ணத்தைக் கைவிடுங்கள். முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் தங்கும் இல்லங்களை பிரெஞ்சு விதிகள் 'ஜே' வகைக் கட்டடங்களாகத் தனியே வகைப்படுத்துகின்றன. 2001 நவம்பரில் வெளியான அந்த ஆணையின் அடிப்படை, தீப்பிடித்த பகுதியிலிருந்து அதே தளத்தில் தீத்தடுப்புக் கதவுக்கு அப்பாலுள்ள பகுதிக்கு மக்களை நகர்த்துவதாகும். படிக்கட்டில் முதியவர்களை இறக்குவதற்கு ஆகும் நேரத்தையும் ஆள்பலத்தையும் நடைக்கூடத்தின் மறுகோடிக்கு அழைத்துச் செல்வதற்கு ஆவதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், காரணம் புரியும். எனவே உங்கள் இல்லத்தின் வரைபடத்தை எடுத்துவைத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் 'எங்கே செல்ல வேண்டும்' என்பதைத் தனித்தனியாக முடிவு செய்யுங்கள். சிலருக்கு அது முற்றம்; சிலருக்கு அடுத்த பகுதி; படுக்கையை விட்டு எழ முடியாத ஒருவருக்கு, கதவு சாத்திய அவருடைய அறையே. அப்படிப்பட்டவருக்குக் கற்பிக்க வேண்டியது காத்திருத்தல். "உங்களை மறக்க மாட்டார்கள், இன்னார் வந்து அழைப்பார்" என்று சொல்லி, ஒத்திகையில் உண்மையாகவே அந்த இன்னார் வந்து அழைக்க வேண்டும்.

ஒத்திகைகள் வழக்கமாக நடக்கும் நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். காலை பத்து மணிக்கு எல்லோரும் உணவுக்கூடத்தில் இருக்கையில், பணியாளர்கள் முழு எண்ணிக்கையில் இருக்கையில் நடத்துவது எளிது. அதனால் பயன் குறைவு. ஆள் குறைந்த இரவுதான் ஆபத்தானது. நோயுற்ற முதியவர்களை நள்ளிரவில் எழுப்ப வேண்டும் என்று சொல்லவில்லை. இரவுப்பணியில் இருக்கும் அளவு ஆட்களை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றப் பணியாளர்களைக் கட்டில்களில் படுக்க வைத்து ஒரு முறை செய்து பாருங்கள். இல்லத்தவர் எவ்வளவு தூரம் தாமாகவே ஒத்துழைக்க வேண்டியிருக்கும் என்பது அப்போதுதான் தெரியவரும்.

பதில் 2: போர்ட் லூயி, சிறப்புக் கல்வி ஆசிரியை

மொரீஷியஸிலிருந்து எழுதுகிறேன். மேலே ஐயா எழுதியதோடு முழுமையாக உடன்படுகிறேன். கற்பிக்கும் முறையைப் பற்றி என் அனுபவத்தில் தெரிந்ததை எழுதுகிறேன்.

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களிடம் வாயால் விளக்குவது மட்டும் போதாது. வகுப்பறையில் "மணி அடித்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால் சரியாகவே விடை சொல்வார்கள்; மணி அடிக்கும்போது அதைச் செய்வார்கள் என்பதற்கு அந்த விடை சான்றாகாது. செய்து காட்ட வேண்டும், கூடவே நின்று செய்ய வைக்க வேண்டும், அவர்கள் செய்ததைப் பார்த்து உடனே பாராட்டவோ திருத்தவோ வேண்டும். அதுவும் அவர்களுடைய சொந்த அறையிலிருந்து, அவர்களுடைய சொந்தக் கதவு வழியாக நடக்க வேண்டும். ஓர் இடத்தில் கற்றதை மற்றோர் இடத்துக்குப் பொருத்திப் பார்ப்பது அவர்களில் பலருக்கு எளிதன்று. படுக்கை, குளியலறை, தொலைக்காட்சிக் கூடம் என்று அவர்கள் வழக்கமாக இருக்கும் ஒவ்வோர் இடத்திலிருந்தும் தனித்தனியே பழக்க வேண்டும்.

வழியைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எழுந்து நிற்பது, கதவுக்கு வருவது, வெளியே வந்து சாத்துவது, இடப்பக்கம் திரும்புவது, குறித்த இடத்தில் நிற்பது. சிலருக்குக் கடைசித் துண்டிலிருந்து தொடங்குவது நல்ல பலன் தரும். முதலில் கூடுமிடத்துக்கு அருகிலிருந்து மட்டும் நடக்க வைத்து, அங்கே அவர்கள் விரும்பும் ஒன்றை, ஒரு குவளைத் தேநீரையோ ஒரு பாட்டையோ, ஏற்பாடு செய்யுங்கள். பிறகு சிறிது சிறிதாகத் தொலைவைக் கூட்டுங்கள். அந்த இடம் அவர்களுக்கு இன்பமான இடமாகிவிட்டால் அச்சத்தின் வேலை அங்கே குறைந்துவிடும்.

படங்கள் தேவை, ஆனால் வாங்கிய சுவரொட்டிகள் அல்ல. ஓடும் மனித உருவம் கொண்ட பச்சைப் பலகையைப் பார்த்துவிட்டு 'ஓட வேண்டும்' என்று புரிந்துகொள்கிறவர்கள் உண்டு. உங்கள் நடைக்கூடத்தையும், உங்கள் கதவையும், முற்றத்து மரத்தையும் புகைப்படம் எடுத்து, ஒவ்வொருவருக்கும் அவர் நடக்க வேண்டிய வரிசையில் ஓர் ஏடாகச் செய்து கொடுங்கள். அதில் அவருடைய முகமே இருந்தால் இன்னும் நன்று.

இனி நீங்கள் குறிப்பிட்ட மூவர்.

அலமாரிக்குள் புகுந்த இளைஞரை மணியோடு பழக்க வேண்டும். அந்த ஒலியைப் பதிவு செய்து, மிகத் தாழ்வாக, அவர் அமைதியாக இருக்கும் வேளையில், எப்போது ஒலிக்கும் என்று முன்னரே சொல்லிக் கேட்க வையுங்கள். நிறுத்தும் அதிகாரம் அவர் கையில் இருக்கட்டும். வாரங்கள் செல்லச் செல்ல ஒலியைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். ஒலி குறைக்கும் காதுமூடி ஒன்று அவருடைய கதவின் கொக்கியில் எப்போதும் தொங்கட்டும். மணி கேட்டதும் அதை எடுப்பதே அவருடைய முதல் படியாகிவிடும், அந்த முதல் படி அவரைக் கதவருகே கொண்டுவந்தும் விடும். அவர் மீண்டும் ஒளிந்தால் எங்கே தேட வேண்டும் என்பதை எழுதிவைத்து, இரவுப் பணியாளர் உட்பட அனைவருக்கும் தெரியப்படுத்துங்கள்.

மின்தூக்கிக்குச் சென்றவர் நாள்தோறும் செய்வதையே செய்தார். வேண்டாம் என்று அவரைத் தடுப்பதைவிட, வேறோர் இடத்தைப் பழக்குவது நல்லது. சக்கர நாற்காலியில் உள்ளவர்கள் உதவி வரும் வரை பாதுகாப்பாகக் காத்திருக்கும் இடம் பல கட்டடங்களில் குறிக்கப்பட்டிருக்கும். உணவுக்குச் செல்லும்போதெல்லாம் அவர் அந்த இடத்தின் வழியாகவே செல்லட்டும். மணி அடிக்கும் நாளில் அங்கே நிற்பதையும், "நான் இங்கே இருக்கிறேன்" என்று உரக்கச் சொல்வதையும் பழகட்டும்.

பாட்டியின் புகைப்படம் மிக எளிது. அதன் பிரதி ஒன்றைக் கூடுமிடத்துக்கு எடுத்துச் செல்லும் பையில் வையுங்கள். முற்றத்துக்கு வந்ததும் அதை அவர் கையில் கொடுத்தால் திரும்பிப் போக அவருக்குக் காரணம் இருக்காது. மறதிநோய் உள்ளவர்களிடம் விளக்கம் தங்காது; உடல் பழகியது ஓரளவு தங்கும். அதனால் பணியாளர்கள் அனைவரும் ஒரே சொற்றொடரை, ஒரே குரலில், அதே கை நீட்டுதலோடு சொல்ல வேண்டும். பிற்காலத்தில் கற்ற மொழி நழுவி, தாய்மொழி மட்டும் எஞ்சுவதும் உண்டு. பிரெஞ்சில் அழைத்தால் அசையாதவர் "வாங்கம்மா, போகலாம்" என்றால் எழுந்து வரக்கூடும். இந்த ஒரு தொடரைத் தமிழ் தெரியாத உங்கள் சக பணியாளர்களுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

பயமுறுத்தும் காணொளிகளைத் தயவுசெய்து காட்டாதீர்கள். எரியும் கட்டடத்தைப் பார்த்தவர் பல இரவுகள் உறங்காமல் போவார்; வெளியேறும் வழியை அவர் அதிலிருந்து கற்பதில்லை.

பதில் 3: லெ போர், இல்லவாசி ஒருவரின் மகள்

என் தாயார் ஆக்சிஜன் கருவியோடு வாழ்கிறார். குடும்பத்தார் என்ற முறையில் ஒன்றைச் சொல்கிறேன்: எங்களுக்கும் கற்பியுங்கள். வெள்ளிக்கிழமை வந்து அறையில் விளக்கேற்றிக் கற்பூரம் காட்டுகிறவர்கள் நாங்கள்தாம். ஆக்சிஜன் ஓடும் அறையில் துணியும் தலைமுடியும் மிக விரைவாகப் பற்றும் என்பதும், வறண்ட தோலுக்குத் தடவும் பாரஃபின் கலந்த களிம்புகள் ஆடையில் ஊறினால் அந்த ஆடை எளிதில் தீப்பிடிக்கும் என்பதும் எங்களுக்கு மிகவும் தாமதமாகவே தெரிந்தன. இப்போது அம்மாவின் அறையில் மின்கலத்தில் எரியும் விளக்கு. உண்மையான விளக்கைப் பொதுக்கூடத்தில், ஒருவர் உடனிருக்க ஏற்றுகிறோம். அம்மா முதலில் வருந்தினார். காரணத்தை அவரிடம் நேராகச் சொன்ன பிறகு, மற்றவர்களுக்கு அதை எடுத்துச் சொல்கிறவரே அவர்தான்.

பதில் 4: புதுச்சேரி, மனநலச் செவிலியர்

தமிழர்கள் இதைப் பேசும்போது ஏர்வாடியை நினைக்காமல் இருக்க முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கிருந்த மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் வெந்து இறந்தார்கள். அவர்களுக்கு எந்தப் பயிற்சியும் உதவியிருக்காது. ஆகவே கற்பிக்கத் தொடங்கும் முன், கற்றதைச் செய்ய அந்த மனிதரால் முடியுமா என்று பாருங்கள். மறதிநோய்ப் பிரிவின் கதவு பூட்டியிருக்கிறதா, மணி அடித்தால் அந்தப் பூட்டு தானாக விடுபடுமா? கட்டிலின் பக்கக் கம்பிகளை அவரால் இறக்க முடியுமா? இரவில் உறக்க மாத்திரை உட்கொள்கிறவர் யார்? பகல் ஒத்திகையில் முதலாவதாக வந்து நிற்கிறவர் இரவில் மணியே கேளாமல் உறங்கக்கூடும்.

செவித்திறனைப் பற்றியும் சொல்ல வேண்டும். வழக்கமான புகை எச்சரிக்கைக் கருவிகள் 3000 ஹெர்ட்ஸ் அளவிலான கூர்மையான ஒலியை எழுப்புகின்றன. முதுமையில் முதலில் குறைவது அந்த உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறன்தான். 520 ஹெர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த ஒலி, செவித்திறன் குறைந்தவர்களை உறக்கத்திலிருந்து எழுப்புவதில் மேலானது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. அறவே கேளாதவர்களுக்குத் தலையணைக்கு அடியில் அதிரும் தட்டும், மின்னும் விளக்கும் உண்டு. எந்த அதிர்வு எதற்கானது என்பதைப் பகலிலேயே பல முறை உணர வைக்க வேண்டும். இல்லையெனில் நள்ளிரவில் அது வெறும் திகிலாகவே முடியும். செவித்திறன் அற்றவர் தாமே உதவி கேட்க பிரான்சில் 114 என்ற எண் இருக்கிறது. அதற்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். தொலைபேசி வைத்திருக்கும் இல்லவாசிகளுக்கு இதையும் 18 (தீயணைப்புப் படை), 112 (பொது அவசர உதவி) ஆகிய எண்களையும் கற்பியுங்கள். தம் முகவரியைச் சொல்லத் தெரியாதவருக்கு அதை ஓர் அட்டையில் எழுதி, படுக்கையருகே ஒட்டிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்: சேன் ஆந்த்ரே பராமரிப்பாளர்

உங்கள் அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. புகைப்படப் பையையும் காதுமூடிக் கொக்கியையும் இந்த வாரமே தொடங்க மேலாளர் ஒப்புக்கொண்டார். அவரவர் ஏட்டுக்கான படங்களை எடுப்பதில் இல்லத்தவரும் சேர்ந்துகொள்ள விரும்புகிறார்கள்.

ஒரு கேள்வி எஞ்சியிருக்கிறது. புயல் காலத்தில் சன்னல் அடைப்புகள் இறக்கப்பட்டிருக்கும், மின்சாரம் இருக்காது, முற்றத்துக்குச் செல்வதே ஆபத்து. "மணி அடித்தால் முற்றம்" என்று பழகியவர்களை அன்று என்ன செய்யச் சொல்வது?

பதில் 5: சேன் பியேர், ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர்

நம் தீவுக்கே உரிய கேள்வி இது. 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது ஊதா எச்சரிக்கை அறிவிக்கப்பட்டதை நினைத்துப் பாருங்கள். சிவப்பு எச்சரிக்கையில் பொதுமக்கள் வெளியே வரக் கூடாது. ஊதாவில் மீட்புப் படையினரும் உள்ளேயே இருக்க வேண்டும். அந்த வேளையில் 18க்கு அழைத்தாலும் வண்டி உடனே வராது. எனவே அன்று கட்டடத்துக்குள்ளேயே தீத்தடுப்புக் கதவுக்கு அப்பாலுள்ள பகுதிதான் கூடுமிடம், நீங்கள்தாம் மீட்புப் படை.

இரண்டு கூடுமிடங்களை இல்லத்தவர் மனத்தில் பதிய வைப்பது கடினம், குழப்பமே மிஞ்சும். முற்றம் வரை செல்கிறவர்களுக்கும் 'அடுத்த பகுதியின் கூடம்' என்பதையே முதல் நிறுத்தமாகக் கற்பியுங்கள். எந்த நாளிலும் மணி அடித்தால் அங்கே வந்து நிற்பார்கள். அங்கிருந்து வெளியே செல்வதா, அங்கேயே இருப்பதா என்பதைப் பணியாளர் சொல்லட்டும். கட்டடத்தின் இரு பகுதிகளிலும் ஆட்கள் வசிப்பதால், தீப்பிடித்த பகுதி எதுவாயினும் எதிர்ப்பகுதிக் கூடம் என்று இரு வரிசைகளையும் பழக்கிவிடுங்கள். ஆசிரியை சொன்ன ஏட்டில் கடைசிப் படமாக அந்தக் கூடம் இருக்கட்டும்.

புயல் எச்சரிக்கை மஞ்சளாக இருக்கும்போதே மெழுகுவர்த்திகளையும் எண்ணெய் விளக்குகளையும் அறைகளிலிருந்து எடுத்துவிட்டு, ஒவ்வொருவர் கட்டிலிலும் ஒரு மின்கல விளக்கைக் கட்டித் தொங்கவிடுங்கள். அதை ஏற்றவும் அணைக்கவும் அவர்களே பழகட்டும். ஆக்சிஜன் கருவி மின்சாரத்தில் இயங்குவதாயின் மாற்று உருளை எங்கே இருக்கிறது என்பதை இரவுப் பணியாளர் கண்ணால் பார்த்து உறுதி செய்ய வேண்டும். டிசம்பருக்கு முன்பே, சன்னல் அடைப்புகளை இறக்கி, விளக்குகளை அணைத்துவிட்டு ஒரு முறை அந்தக் கூடம் வரை எல்லோரும் நடந்து பாருங்கள். மின்கல விளக்கை ஏந்திக்கொண்டு முன்னால் நடக்கும் பொறுப்பை, பூக்குழி இறங்கிய அம்மாக்களில் நன்றாக நடக்கக்கூடிய ஒருவரிடம் கொடுங்கள்.